காகூவின் கண்

போன வாரம் நம் பழைய குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வண்ணப் படம் வந்ததே, பார்த்தீர்கள் அல்லவா? கோடை விடுமுறையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை ஸ்பெயினுக்கு அழைத்துப் போகிறார்களாம். காலையில் மொழி வகுப்பு, மாலையில் நடனம், சமையல், கோட்டை, அருங்காட்சியகம். அந்த ஊர்க் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டும். படம் முழுக்கப் பல் தெரியச் சிரிக்கும் பிள்ளைகள். அதைப் போட்டவள் எங்கள் எதிர்வீட்டுக் காகூவின் மகள். தன் பையன் போக வேண்டும் என்று குதிக்கிறானாம், போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள். நம் குவார்ட்டர்ஸிலிருந்து போனவள் நான் ஒருத்திதான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பொதுவாகக் கேட்டாள்.

நல்ல திட்டம், அனுப்பு என்று இரண்டு வரி போட்டேன். மிச்சத்தைக் குழுவில் எழுத முடியாது. அதனால் தமிழ் படிக்கத் தெரிந்த நம் ஆட்களுக்கு இங்கே எழுதுகிறேன். நமக்கும் வயதாகிவிட்டது. குழுவில் பாதி நாள் முட்டிவலித் தைலம் பற்றித்தான் பேசுகிறோம். அந்த ஜூன் மாதக் காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து இருமினீர்களே, நினைவிருக்கிறதா? ஏன் இருமினீர்கள் என்று உங்களில் பாதிப் பேருக்கு முழுக்கத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

புனே விஷ்ராந்த்வாடியில் அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது எங்களுக்குக் கிடைத்த வீடு முதல் மாடியில். எதிர் வீடு காகூவுடையது. காகூ என்றால் மராத்தியில் சித்தி. நான் கூப்பிட்டதைப் பார்த்து அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் அவள் காகூ ஆகிவிட்டாள். அவள் கணவர் கட்கி ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்தார். மகளுக்கு என் வயதுதான். அம்மாவின் இந்தி திருநெல்வேலியில் பிறந்த இந்தி. காகூவின் இந்தி பாதி மராத்தி. இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து வருஷம் சமையலறைக் கதையிலிருந்து சம்சாரக் கதை வரை பேசித் தீர்த்தார்கள். அவர்கள் பேச்சை இங்கே நான் தமிழில்தான் எழுதப் போகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நானும் காகூவின் மகளும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை அது. அந்த விடுமுறையைப் போல உடம்பைப் படுத்திய காலம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாது. மொட்டை மாடிக்கு ஏறுவேன், இறங்குவேன். தண்ணீர்ப் பானையைத் திறந்து குடிக்காமல் மூடுவேன். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். எதிரே வேப்பமரத்தில் ஒரு குயில், ஒரே கேள்வியைக் கேட்கிற வாத்தியார் மாதிரி விடாமல் கூவும். எனக்கோ, தேர்வு முடிவைவிடப் பெரிய காத்திருப்பு ஒன்று இருந்தது.

இரண்டு வருஷமாக நான் சனிக்கிழமைகளில் டெக்கன் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். புனேயில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜெர்மன் படித்தால் நம் வீட்டுப் பிள்ளையும் ஏதாவது ஒன்று படிக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? எங்கள் டீச்சர் இளவயதில் ஸ்பெயினில் இருந்தவர். இலக்கணம் நடத்திக்கொண்டே இருப்பார், திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, அந்த ஊர் நடனத்துக்கு எப்படிக் கைதட்டுவது என்று காட்டுவார். உள்ளங்கையைக் குவித்துத் தட்டினால் ஒரு சத்தம், விரலால் தட்டினால் வேறு சத்தம். ஒருநாள் மின்சார அடுப்பைக் கொண்டுவந்து உருளைக்கிழங்கு போட்டு முட்டை அடை செய்து கொடுத்தார். நான் வீட்டில் உருளைக்கிழங்கை மட்டும் சொன்னேன். அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையெல்லாம் அடைத்துத் தூங்குவார்கள் என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. புனேக் கடைக்காரர்களும் அதைத்தானே செய்தார்கள்? மதியம் நூல்கண்டு ஒன்று வாங்க முடியாத ஊர் என்று அப்பா பொழுதன்றைக்கும் திட்டுவார்.

அந்த வருஷம் மாணவர்களுக்கான கோடைப் பயணம் ஒன்று வந்தது. ஜூனில் நான்கு வாரம் ஸ்பெயினில் ஒரு சின்ன ஊரில் தங்கிப் படிக்கலாம். செலவெல்லாம் நடத்துகிறவர்களுடையது. பதிலுக்கு, டிசம்பரில் அந்த வீட்டுப் பெண் நம் வீட்டில் வந்து தங்குவாள். எங்கள் வகுப்பில் ஒரு இடம்தான். அது எனக்குக் கிடைத்தது. டீச்சர் சொன்னதும் நான் பேருந்தில் ஏறாமல் சங்கம் பாலம் வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது.

அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் சந்தோஷப்பட்டாள்.

"ஏட்டி, இத யார்ட்டயும் மூச்சு விடப்பிடாது. நீ அங்க போயி எறங்கிட்டன்னு தெரிஞ்ச பொறவுதான் வெளிய சொல்லணும்."

"காகூட்டயுமா?"

"காகூட்டதான் மொதல்ல சொல்லப்பிடாது. அவிய பிள்ளையும் உன்ன மாரிதான பத்தாங்கிளாஸு எழுதிட்டு இருக்கா. நல்ல மனசுதான், நான் இல்லங்கல. ஆனா கண்ணு மனசக் கேட்டுக்கிட்டா படுது?"

நம் வீடுகளில் இது புதிதில்லை. பெண் பார்க்க வருவது, வேலைக்கு ஆர்டர் வருவது, மசக்கை, மனை வாங்குவது, எதுவானாலும் காரியம் கைக்கு வந்து சேரும் வரை வாயைத் திறக்க மாட்டோம். சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததை முன்கூட்டியே ஊரெல்லாம் சொன்னதால்தான் அது கைநழுவியது என்று அம்மா சாகும்வரை நம்புவாள். இன்றைக்கும் நம்புகிறாள், இதே புனேயில் வாகட் பக்கம் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, எதிர் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவது வேறு. முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய சூட்கேஸ் வந்தது. மாடிப்படியிலேயே காகூ பார்த்துவிட்டாள். ஜூனில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், ஒரு மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம் என்று அம்மா சொன்னாள். பிறகு பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். அவர் படி இறங்குவதற்குள் காகூ கதவைத் திறந்து "என்ன ஆச்சு?" என்றாள். அம்மா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. அப்பாவுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வரப்போகிறது, அதற்கான விசாரணை, டிசம்பருக்குள் போய்விடுவோம் என்றாள். பொய் சொல்லும்போது அம்மாவின் இந்தி அவ்வளவு சுத்தமாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காகூவின் முகம் வாடிவிட்டது. "டிசம்பருக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தினம் ஒரு டப்பா வர ஆரம்பித்தது. ஒருநாள் போளி, ஒருநாள் மாங்காய்த் துவையல், ஒருநாள் என் அப்பாவுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் கறி. போகப் போகிறவர்கள் என்று அவள் செய்த உபசாரத்தை அம்மா வாங்கி வாங்கி வைத்தாள். வாங்கும்போது காகூவின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மே மாதத்தில் மொட்டை மாடியில் வற்றல் போடுவார்களே, அது ஞாபகம் இருக்கும். பழைய புடவைகளை விரித்து ஒரு பக்கம் அம்மாவின் கூழ்வற்றல், மறுபக்கம் காகூவின் குர்டை. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, கிண்டி, அச்சில் பிழிந்தால் வெள்ளை நூல்கண்டு மாதிரி விழும், அதுதான் குர்டை. புளித்த கோதுமை வாசம் முந்தானையில் இரண்டு நாள் நிற்கும். அந்த வருஷம் காகூ வழக்கத்தைவிட இரட்டிப்பாகப் பிழிந்தாள்.

"இவ்வளவு எதுக்கு காகூ?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல உங்களுக்கு யாரு குர்டை போட்டுக் கொடுப்பா? இத எடுத்துட்டுப் போங்க. ஒரு வருஷம் வரும்."

அம்மா கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அடி பிடிக்கிற வாசம் வந்தும் கிண்டினாள்.

சாயங்காலம் நானும் காகூவின் மகளும் ஆளந்தி ரோட்டுக் கரும்புச்சாறு கடைக்குப் போவோம். மாடு சுற்றாத, மோட்டார் வைத்த ஆலை, அதில் கட்டியிருந்த சலங்கை மட்டும் பழசு. அவள் ஒருநாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ போயிட்டா நான் காலேஜ்ல யாரோட உட்காருவேன்?" என்றாள்.  மெட்ராஸும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, நாலே வாரம்தான், திரும்பி வந்து உன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று கத்தலாம் போல இருந்தது. ஐஸ் கட்டியைக் கடித்து விழுங்கினேன்.

அப்படி இருக்கும்போதுதான் மும்பையிலிருந்து அந்த மேடம் வந்தார். பயணத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். டிசம்பரில் ஒரு பெண்ணைத் தங்கவைக்கப் போகிற வீடு எப்படி இருக்கிறது என்று முன்னறிவிப்பு இல்லாமல் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். அன்று மதியம் அம்மாவும் நானும் எனக்கு ஷூ வாங்க கட்கி பஜாருக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது காகூ படியிலேயே காத்திருந்தாள், முகமெல்லாம் பெருமை.

"உங்க பொண்ணு கிளாஸ்லருந்து ஒரு மேடம் வந்தாங்க. வெயில்ல நிக்க வெக்கலாமா? உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு, குடிக்க மாங்கா பன்ஹா கொடுத்தேன். ஜூன்ல வீட்ல இருப்பாங்களா, டிசம்பர்ல இருப்பாங்களான்னு கேட்டாங்க. நீங்க இல்லாட்டி என்ன, எனக்குத் தெரியாதா? ஜூன் முழுக்க ஊர்ல கல்யாணம், டிசம்பருக்குள்ள மெட்ராஸ் மாத்தல்னு எல்லாம் விவரமாச் சொல்லிட்டேன்."

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஷூ டப்பா என் கையில் கனத்தது.

சனிக்கிழமை டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ஜூனில் ஊரில் இல்லாத, டிசம்பரில் புனேயிலேயே இல்லாத குடும்பம் எதற்கு விண்ணப்பித்தது என்று மும்பையில் கேட்கிறார்கள், இடத்தை வகுப்புக்கு ஔந்திலிருந்து வரும் பையனுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றார். நான் அழவில்லை. பேருந்தில் அழுதேன். நடத்துனர் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனார்.

அப்பா என்னை அழைத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனார். அலுவலகச் சட்டை, நன்றாகச் சீவிய தலை. உண்மையையே சொன்னார். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்தை முடியும் வரை வெளியே சொல்வதில்லை, பக்கத்து வீட்டில் கேட்டதற்கு வேறு ஏதோ சொல்லிவிட்டோம், கல்யாணமும் இல்லை மாற்றலும் இல்லை என்றார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"பத்து வருஷமாகப் பழகுகிறவரிடமே இவ்வளவு பொய் சொல்கிற வீடு என்றால், அந்நிய நாட்டிலிருந்து வரும் பெண்ணை அங்கே விடச் சொல்லி நான் எப்படிச் சிபாரிசு செய்வேன்?" என்றார்.

அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார்.  வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அப்படியே சொன்னார். அம்மாவுக்குத் தன் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நல்லா இருந்த காரியத்தக் கண்ணு வெச்சுக் கெடுத்துட்டீங்களே. எம் பொண்ணு ஸ்பெயினுக்குப் போக இருந்தா. உங்களால போச்சு."

காகூ கையில் சப்பாத்தி மாவு. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். கேளுங்கள், இதைத்தான் நான் மறக்கவில்லை. அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். "ஸ்பெயினா? நம்ம பொண்ணா?" என்று கண் விரிந்து, மாவுக் கையோடு என்னைப் பிடிக்க வந்தாள். பாதியில்தான் மற்றதெல்லாம் அவளுக்கு உறைத்தது.

"நீங்க சொன்னதத்தானே நான் சொன்னேன்? கல்யாணம்னீங்க. மாத்தல்னீங்க. அப்ப அதெல்லாம்..."

காகூ மாவுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"பத்து வருஷமா என் கையால சாப்பிட்டீங்க. கை ஆகும், கண்ணு ஆகாதா?"

கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் அம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அப்பா அலுவலகம் போன பிறகு காகூ வந்தாள். பண்டிகைக்குக் கட்டும் பச்சைப் புடவை, கொண்டையில் சாமந்தி. அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். "செருப்பப் போடு. உங்க டீச்சர் வீடு எங்கன்னு காட்டு." அம்மா தடுக்கவில்லை. தடுக்க எந்த முகத்தோடு வருவாள்?

வழியில், அப்பா டீச்சரிடம் சொன்னதையெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டாள். சமாதானம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். டீச்சர் வீட்டு வராந்தாவில் நின்றபடி காகூ மராத்தியில் சொன்னது வேறு. மும்பை மேடமிடம் நான் சொன்னதெல்லாம் பொய் என்றாள். கல்யாணமும் கிடையாது, மாற்றலும் கிடையாது, நானே கட்டிச் சொன்னேன். என் மகளும் இவளும் ஒன்றாக வளர்ந்து ஒன்றாகப் படித்தவர்கள், இவள் மட்டும் விமானத்தில் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாவம், இவளுடைய அப்பா என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் நல்லவர்கள் மேடம், தப்பு என் கண்ணில்.

நான் வாயைத் திறந்தேன். காகூ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், வளையல் பதிகிற அளவுக்கு. டீச்சர் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. "நீங்களும் ஒரு பெண்ணைப் பெற்றவர்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மும்பைக்குப் பேசுவதற்காக உள்ளே போனார்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தாள். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"யாராவது ஒருத்தர் பொய்க்காரி ஆகணும் பாளா, என் கொழந்தே. உங்க அம்மா ஆனா உன் பயணம் போச்சு. நான் ஆனா என்ன போச்சு? எனக்கு எங்கயும் போக வேண்டியதில்லையே." இறங்கும்போது, "வீட்ல சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு நாளில் டீச்சர் அப்பாவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். இடம் எனக்கே, ஆனால் அந்த எதிர்வீட்டுக்காரியிடம் ஜாக்கிரதையாக இருங்கள், அவளே வந்து ஒப்புக்கொண்டாள் என்றார். அப்பா அதை வந்து சொன்னதும் அம்மா அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பொய்களை யார் கட்டியது என்று உலகத்தில் அம்மாவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

இதற்குள் நம் குவார்ட்டர்ஸுக்குச் செய்தி வந்துவிட்டது. எங்கள் டீச்சரிடம் வேறொரு வகுப்பில் பின் பிளாக்குப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான், அவன் வழியாக இருக்கும். ஸ்பெயின் ரகசியமும் உடைந்தது, காகூவின் பெயரும் உடைந்தது. மொட்டை மாடியில் பெண்கள் அவளுக்குப் புடவை விரிக்க இடம் விடவில்லை. கைக்குழந்தைக்காரிகள் அவள் படி ஏறும்போது குழந்தையைத் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் வீட்டு அம்மாக்கள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைவிடக் கொடுமை, எங்கள் இரண்டு வீட்டு அடுக்களைக்கும் நடுவில் இருந்த சன்னமான சுவர். "நீயா ஆயி அப்படிச் சொன்னே?" என்று மகள் கேட்டதும், "ஆமா" என்று காகூ சொன்னதும் எங்கள் வீட்டில் கேட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். மகள் அம்மாவோடு பேசவில்லை. வெட்கத்தில் என் பக்கமும் வரவில்லை.

அம்மா தினம் ஒரு டப்பாவில் ஏதாவது போட்டு எடுத்துக்கொண்டு வாசல் வரை போவாள். எதிர்க் கதவைப் பார்ப்பாள். திரும்பி வந்துவிடுவாள். தேர்வு முடிவு வந்தது, இனிப்பு கொடுக்கவில்லை. எனக்கு நல்ல மார்க். அதைக் கேட்கக்கூட வீட்டில் யாருக்கும் மனசில்லை.

போனேன். காகூவின் மகள் ஸ்பெயினைப் பற்றிக் கேட்டாள் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சுவர், பச்சை மரக்கதவு, தெருவெல்லாம் ஆரஞ்சு மரங்கள். இரவு சாப்பாட்டுக்குள் எனக்குப் பசி அடங்கித் தூக்கம் வந்துவிடும், அவர்கள் அப்போதுதான் மேசை விரிப்பார்கள். மதியம் ஊரே கதவடைத்துத் தூங்கும், நான் மட்டும் தூங்காமல் அந்த வீட்டு மாடிக்கு ஏறி இறங்குவேன், புனேயில் செய்த மாதிரியே. சதுக்கத்தில் நடனம் நடந்த ஒரு மாலை, டீச்சர் சொல்லிக்கொடுத்த தாளத்தில் கைதட்டினேன். கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். என் சூட்கேஸில் புளியோதரைப் பொடிக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு டால்டா டப்பா நிறையக் குர்டை இருந்தது. அந்த வீட்டம்மா ஆலிவ் எண்ணெயில் பொரித்தாள். வெள்ளையாகப் பூத்து எழுந்ததைப் பார்த்து வீடே கூடிவிட்டது. யார் செய்தது என்று கேட்டார்கள். என் சித்தி என்று சொன்னேன். அந்த மொழியில் நான் தயங்காமல் பேசிய முதல் வாக்கியம் அது. அந்தச் சூட்கேஸும் டப்பாவும் வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டன.

அந்தக் குர்டை எப்படி என் பெட்டிக்குள் வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கிளம்புகிற காலை. கீழே ஆட்டோ நின்றது. சூட்கேஸை அப்பா இறக்கிவிட்டார். வேடிக்கை பார்க்க எல்லாப் பிளாக்கும் வாசலில் இருந்தது, நீங்களும் பல் குச்சியோடும் பால் சட்டியோடும் நின்றீர்கள். வழக்கமாக அம்மா உள்ளேயே உப்பும் மிளகாயும் எடுத்து, கதவைச் சாத்திவிட்டு எனக்குச் சுற்றிப் போடுவாள். அன்று தட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள், பாதியில் நின்றாள், திரும்பி ஏறினாள். எதிர்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும் தட்டை நீட்டினாள்.

"எம் பிள்ளைக்கு நீங்க சுத்திப் போடணும்."

காகூ தட்டைப் பார்த்தாள். மராத்திக்காரர்களும் இதைச் செய்வார்கள், உப்போடு கடுகும் சேர்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். "நானா?" என்றாள். "கீழ எல்லாரும் இருக்காங்க. நல்லா இருக்காது."

"எல்லாரும் இருக்கட்டும்னுதான் கூப்பிடுதேன்" என்று அம்மா தமிழிலேயே சொன்னாள். காகூவுக்கு எப்படியோ புரிந்தது. உள்ளே போனவள் ஒரு கைப்பிடி கடுகையும், கரி அடுப்பையும், அந்த டால்டா டப்பாவையும் கொண்டுவந்தாள். டப்பாவை என் கையில் வைத்தாள். "மெட்ராஸுக்குன்னு எடுத்து வெச்சது. எங்க போனா என்ன."

வாசலில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் என்னைக் கிழக்கே பார்த்து நிறுத்தினார்கள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கண்ணு போடுகிறவளையே கண்ணு கழிக்கக் கூப்பிட்டால் பேச மாட்டார்களா? காகூவின் மகள் மாடி ஜன்னலில் நின்றாள். காகூ என் தலையைச் சுற்றிக் கையை இறக்கி இறக்கி ஏற்றினாள், உதடு மட்டும் அசைந்தது.  பிறகு உப்பு, கடுகு, மிளகாய் எல்லாவற்றையும் கரியில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் கருகியும் நெடி வராது. அது நமக்கும் தெரியும், மராத்திக்காரர்களுக்கும் தெரியும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பையே பார்த்தார்கள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு நெடி. முதலில் ஆட்டோக்காரர் இருமினார். பிறகு அப்பா. பிறகு நீங்கள், உங்கள் அம்மாக்கள், குழந்தைகள், மாடி ஜன்னலில் இருந்தவளும்.

அம்மா இருமலுக்கு நடுவில் தன் உடைந்த இந்தியில் வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "பாத்துக்கிடுங்க. நெடி வருது. இவிய கண்ணு எம் பிள்ள மேல படவே இல்ல. பொய் சொன்னது நான். இவிய இல்ல, நான்." பாதிப் பேருக்கு இருமலில் காதில் விழுந்திருக்காது. மாடி ஜன்னலில் இருந்தவளுக்கு விழுந்ததா என்று எனக்குத் தெரியாது, திரும்பி வந்த பிறகும் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை. அதனால்தான் இப்போது அவளிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.

ஆட்டோ திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். எல்லாரும் இருமிக்கொண்டே கையசைத்தீர்கள். அம்மா மட்டும் கையசைக்கவில்லை. காகூவின் முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.